புதுக் கார்டு, பழைய மூளை

கிராபிக்ஸ் கார்டை மாற்றினால் கேம் பறக்கும் என்று நம்பிப் பணத்தைக் கொட்டுகிறார்கள் இளைஞர்கள். பல நேரங்களில் காலை வாரிவிடுவது பிராசஸர். எப்போது, ஏன்?

டெல்லியின் நேரு பிளேஸ், மும்பையின் லாமிங்டன் ரோடு, பெங்களூரின் எஸ்.பி. ரோடு, சென்னையின் ரிச்சி தெரு. ஊர் எதுவானாலும் இந்தக் கடைத் தெருக்களுக்கு கிராபிக்ஸ் கார்டு தேடி வருபவர்களின் கணக்கு ஏறத்தாழ ஒன்றுதான். வீட்டில் ஆறேழு வருடப் பழைய கம்ப்யூட்டர். கையில் ஒரு 30,000 ரூபாய். அது பகுதிநேர வேலையில் சேர்த்ததாக இருக்கலாம், அப்பாவிடம் கெஞ்சி வாங்கியதாக இருக்கலாம், மாதத் தவணையாகவும் இருக்கலாம். புதுக் கார்டை மாட்டினால் கேம் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும் என்பது நம்பிக்கை.

பலருக்கு ஓடுவதில்லை. 10 சதவீதமோ 20 சதவீதமோ கூடியதோடு சரி. கூட்டமான தெருவில் கேம் முன்போலவே திக்கித் திணறுகிறது. கார்டில் பழுதில்லை, கடைக்காரரும் ஏமாற்றவில்லை. கேம் ஆடுபவர்கள் பாட்டில்நெக் என்று அழைக்கும் தடை, கார்டில் இல்லாமல் பிராசஸரில் இருந்திருக்கிறது.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. 'உங்கள் பிராசஸர் இந்தக் கார்டுக்குப் போதாது' என்று யாரோ சொன்னதைக் கேட்டு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிராசஸரையும் அதோடு மதர்போர்டையும் ராமையும் தூக்கிப் போட்டவர்களும் உண்டு. இரண்டுமே வீண் செலவு. இரண்டையும் தவிர்க்க, உள்ளே நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆர்டரும் தோசையும்

திரையில் ஓடும் கேம் என்பது அடுத்தடுத்து வரும் படங்கள். ஒவ்வொரு படமும் ஒரு பிரேம். விநாடிக்கு 60 பிரேம் வேண்டும் என்றால் ஒரு பிரேமுக்குக் கிடைக்கும் அவகாசம் 16.7 மில்லி விநாடி. விநாடிக்கு 144 பிரேம் காட்டும் மானிட்டர் என்றால் வெறும் 6.9 மில்லி விநாடி.

இந்த அவகாசத்துக்குள் இரண்டு வேலைகள் முடிய வேண்டும். எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எதில் பட்டது, சுவர் எப்படிச் சரியும், ஆடுபவர் எந்தப் பொத்தானை அழுத்தினார் என்றெல்லாம் கணக்குப் போடுவது பிராசஸர். முடித்ததும் எதை எதை வரைய வேண்டும் என்ற பட்டியலை கார்டிடம் கொடுக்கிறது. அதை வாங்கி, பிக்ஸல் என்ற லட்சக்கணக்கான புள்ளிகளுக்கு நிறமும் ஒளியும் நிழலும் கொடுப்பது கார்டு.

ஓட்டல் சமையல்கட்டோடு ஒப்பிடலாம். ஆர்டர் எடுத்து வந்து சொல்பவர் பிராசஸர். கல்லில் ஊற்றுபவர் கார்டு. தோசை மாஸ்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஆர்டர் மெதுவாக வந்தால் கை கட்டி நிற்க வேண்டியதுதான்.

ஆரம்பத்தில் இந்தப் பிரிவினையே கிடையாது. 1993இல் வந்த டூம், 1996இல் வந்த குவேக் ஆகிய கேம்கள் வெளியானபோது வரையும் வேலையையும் பிராசஸரே செய்தது. 1996இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ கார்டு வந்து வரைவதன் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டது. 1999இல் என்விடியாவின் ஜீஃபோர்ஸ் 256, வடிவங்களைத் திருப்பி வைப்பதும் ஒளியைக் கணக்கிடுவதுமான வேலைகளையும் பிராசஸரிடமிருந்து பிடுங்கிக்கொண்டது. ஆனால் ஆர்டர் எடுக்கும் வேலை இன்றுவரை பிராசஸரிடம்தான்.

கூட்டல் அல்ல, ஓட்டம்

முக்கியமான விஷயம் ஒன்று. இரண்டு வேலைகளும் ஒன்று முடிந்தபின் ஒன்று என்று நடப்பதில்லை. கார்டு ஒரு பிரேமை வரைந்துகொண்டிருக்கும்போதே பிராசஸர் அடுத்ததைத் தயாரிக்கத் தொடங்கிவிடும். எனவே இரண்டின் நேரத்தையும் கூட்டக் கூடாது. எது அதிக நேரம் எடுக்கிறதோ அதுவே வேகத்தைத் தீர்மானிக்கும்.

ஒரு கணக்கு. 1920×1080 திரையில் ஒரு பிரேமுக்கு பிராசஸர் 10 மில்லி விநாடியும் பழைய கார்டு 14 மில்லி விநாடியும் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். மெதுவானது கார்டு. விநாடிக்கு சுமார் 71 பிரேம் கிடைக்கும். இப்போது சரியாக இரண்டு மடங்கு வேகமான கார்டு வருகிறது. அது 7 மில்லி விநாடியில் முடித்துவிடும். ஆனால் பிராசஸருக்கு இன்னும் 10 மில்லி விநாடி வேண்டுமே? கிடைப்பது 100 பிரேம். இரண்டு மடங்குக்குப் பணம் கொடுத்து 40 சதவீத லாபம்.

அதே பிராசஸரையும் அதே இரு கார்டுகளையும் 4கே திரையில் ஓட்டினால் கதை மாறுகிறது. 1920×1080 திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 3840×2160 அளவுள்ள 4கே திரையில் சுமார் 82.9 லட்சம், அதாவது நான்கு மடங்கு. தோசை பெரிதாகிவிட்டது. ஆர்டரோ அதேதான். பிராசஸரின் நேரம் 10 மில்லி விநாடியிலேயே நிற்க, பழைய கார்டுக்கு 40, புதுக் கார்டுக்கு 20 மில்லி விநாடி ஆகிறது என்றால், வேகம் 25 பிரேமிலிருந்து 50 பிரேமாக உயரும். இங்கே கொடுத்த காசுக்கு முழுப் பலன்.

ஆக, ஒரு பிராசஸர் ஒரு கார்டைத் தடுக்குமா என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது. பிராசஸர் பெயரையும் கார்டு பெயரையும் போட்டால் 'இத்தனை சதவீதம் பாட்டில்நெக்' என்று சொல்லும் இணையக் கணக்குப் பொறிகளை நம்ப முடியாததும் இதனால்தான். எந்த கேம், எந்தத் திரை, எத்தனை பிரேம் என்பதைப் பொறுத்து விடை மாறும். வால்வ் நிறுவனம் தன் ஸ்டீம் சேவை மூலம் மாதந்தோறும் நடத்தும் உலகளாவிய கணக்கெடுப்பில் பல வருடங்களாக முதலிடம் 1920×1080 திரைக்குத்தான். பிராசஸரின் கை ஓங்கும் இடமும் அதுதான்.

கேமுக்கு கேம் வேறு

வேலரண்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி கேம்களில் படம் எளிமையானது. ஆடுபவர்கள் கேட்பது விநாடிக்கு 200, 300 பிரேம். கார்டுக்கு அது அல்வா. மூச்சு வாங்குவது பிராசஸர். 2023இல் வந்த பால்டர்ஸ் கேட் 3 கேமின் மூன்றாம் பகுதியில் நெரிசலான நகரத்துக்குள் நுழைந்ததும் வேகம் சரிந்தது. 2024இல் டிராகன்ஸ் டாக்மா 2 வெளியானபோது, நகரங்களில் திரியும் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பிராசஸரின் உழைப்பு பெருமளவில் போவதாக அதைத் தயாரித்த கேப்காம் நிறுவனமே ஒப்புக்கொண்டது.

கோர்களின் எண்ணிக்கை கூடினால் தீர்ந்துவிடுமா? முழுவதும் இல்லை. ஒரு வேலையில் பங்கு போட முடியாத பகுதிதான் மொத்த வேகத்துக்கு எல்லை கட்டும் என்று 1967இலேயே காட்டினார் ஜீன் ஆம்டால். கேமின் மையக் கணக்கில் அப்படிப்பட்ட பகுதி கணிசமானது. கிளாக் வேகமும் முழுக் கதையைச் சொல்லாது. ஏஎம்டியின் ரைசன் 7 5800எக்ஸ், 2022இல் வந்த 5800எக்ஸ்3டி இரண்டிலும் 8 கோர்கள். பின்னதன் உச்ச வேகம் 4.5 கிகாஹெர்ட்ஸ், முன்னதைவிட 0.2 குறைவு. ஆனால் அதன் மூன்றாம் நிலை கேஷ் நினைவகம் 32 எம்பியிலிருந்து 96 எம்பியாக உயர்ந்தது. பல கேம்களில் அதுவே முந்தியது. தரவுக்காக ராமிடம் காத்திருப்பது குறைந்ததே காரணம்.

மலிவு கார்டின் மறைமுக விலை

நடுத்தரக் குடும்பத்தைச் சுடும் உண்மை ஒன்று 2025 ஜனவரியில் வெளிவந்தது. அதற்கு முந்தைய மாதம் இன்டெல் 249 டாலருக்கு அறிமுகப்படுத்திய ஆர்க் பி580 கார்டு, விலைக்கு ஏற்ற வேகம் என்று பாராட்டப்பட்டிருந்தது. அந்தப் பாராட்டெல்லாம் மிக வேகமான பிராசஸருடன் ஓட்டிப் பார்த்த சோதனைகளில் கிடைத்தது. ரைசன் 5 2600 போன்ற பழைய பிராசஸர்களுடன் அதே கார்டை இணைத்துப் பார்த்தபோது, சில கேம்களில் அது வெல்ல வேண்டிய ஆர்டிஎக்ஸ் 4060 கார்டிடம் தோற்றது. அவ்வளவு பழசல்லாத ரைசன் 5 5600 உடனும் சில கேம்களில் சறுக்கல்.

காரணம் கார்டின் டிரைவர் சாஃப்ட்வேர். அது ஓடுவது கார்டில் அல்ல, பிராசஸரில். ஆர்டரைக் கார்டுக்குப் புரியும் மொழியில் மாற்றிச் சொல்லும் வேலை அதனுடையது. அந்த வேலைக்கு அதிக நேரம் பிடித்தால் ஏற்கெனவே மெதுவான பிராசஸர் இன்னும் தள்ளாடும். இன்டெல் மட்டும் இதில் சிக்கவில்லை. என்விடியா கார்டுகளின் டிரைவர், பழைய பிராசஸர்களுக்கு ஏஎம்டி கார்டுகளைவிட அதிகச் சுமை தருவதாக 2021இல் வந்த சோதனைகள் காட்டின. மலிவான கார்டை வாங்குபவரிடம் பெரும்பாலும் இருப்பது பழைய பிராசஸர். விமர்சகரின் மேஜையில் இருப்பதோ உயர்ந்த ரகம். விமர்சனத்தில் வரும் எண்ணிக்கை அப்படியே வீட்டுக்கு வராது.

ரெசல்யூஷனைக் குறைத்து வரைந்து பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற வித்தைகளும் இங்கே உதவாது. அவை குறைப்பது கார்டின் சுமையைத்தான். ரே டிரேசிங் செட்டிங்கோ பிராசஸரின் சுமையையும் கூட்டிவிடும். 2022இல் ஆர்டிஎக்ஸ் 40 வரிசையோடு என்விடியா கொண்டுவந்த பிரேம் ஜெனரேஷன், பிராசஸரைக் கேட்காமலே இடையிடையே பிரேம்களை உருவாக்கிச் செருகுகிறது. காட்சி வழுவழுப்பாகத் தெரியும். ஆனால் பொத்தானை அழுத்தியதற்கான பதில் வேகமாகாது.

பத்து நிமிடச் சோதனை

தடை எங்கே என்று கண்டுபிடிக்க மெக்கானிக் வேண்டாம். வழக்கமாக ஆடும் கேமில், திணறும் இடத்தில், பிரேம் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிரேம் வரம்பும் விசிங்க்கும் அணைந்திருக்க வேண்டும். பிறகு ரெசல்யூஷனை மட்டும் நன்றாகக் குறைத்து அதே இடத்தில் மீண்டும் பார்க்க வேண்டும். எண்ணிக்கை சட்டென்று ஏறினால் தடை கார்டில். அசையாமல் நின்றால் பிராசஸர் பக்கம்.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற இலவச சாஃப்ட்வேர் இன்னொரு சாட்சி. கார்டின் பயன்பாடு 97, 98 சதவீதம் என்று காட்டினால் அது முழு மூச்சில் உழைக்கிறது. 60 சதவீதத்தில் நின்றால் எதற்கோ காத்திருக்கிறது. பிராசஸர் 30 சதவீதம் என்று டாஸ்க் மேனேஜர் காட்டுவதைப் பார்த்து ஏமாறக் கூடாது. 16 திரெட் கொண்ட பிராசஸரில் ஒரு திரெட் முழுவதும் நிரம்பி வழிந்தாலும் மொத்தக் கணக்கில் அது 6.25 சதவீதம்தான்.

தடை பிராசஸர் பக்கம் என்று தெரிந்தாலும் உடனே பர்ஸைத் திறக்க வேண்டியதில்லை. ராம் ஒரே குச்சியாக இருந்தால் அதே வகையில் இரண்டாவது குச்சி போடுவது நல்ல பலன் தரும். இரண்டு பாதைகளில் தரவு வரும். பயாஸில் எக்ஸ்எம்பி செட்டிங் அணைந்திருந்தால் அதை இயக்குவதற்குச் செலவே இல்லை. கேமுக்குள் கூட்டத்தின் அடர்த்தி, பார்வைத் தூரம் போன்றவற்றைக் குறைத்தால் பிராசஸருக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் போர்டு வைத்திருப்பவர்கள் பயாஸைப் புதுப்பித்துவிட்டு, பல போர்டுகளில் ரைசன் 5 2600 இருந்த இடத்திலேயே 5000 வரிசை பிராசஸரை உட்காரவைக்க முடியும். போர்டும் ராமும் தப்பிக்கும்.

2014இல் வந்த ஐ5 4460 போன்ற, நான்கே திரெட் கொண்ட பிராசஸர் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. புதிய பெரிய கேம்கள்தான் வேண்டுமென்றால் கார்டுக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை போர்டு, பிராசஸர், ராம் பக்கம் திருப்புவதே புத்திசாலித்தனம். மாறாக, ஆடுவது கதை கேம்கள், திருப்தி 60 பிரேமில், சோதனையில் கார்டுதான் திணறுகிறது என்றால், பிராசஸர் எவ்வளவு பழசு என்ற கவலையே வேண்டாம். தாராளமாகக் கார்டை வாங்கலாம்.

எதை வாங்கினாலும் பழைய எஸ்எம்பிஎஸ் புதுக் கார்டின் மின்தேவையைத் தாங்குமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கடைக்குப் போகும்போது இரண்டு ரெசல்யூஷனிலும் எடுத்த பிரேம் எண்ணிக்கை எழுதிய துண்டுச் சீட்டு சட்டைப்பையில் இருந்தால், கடைக்காரரின் பேச்சில் மயங்க வேண்டியிருக்காது.