பார்வை திரும்பினாலும் மாத்திரையை நிறுத்தாதீர்!
கண்ணுக்குள் ரத்த ஓட்டத்தை அளக்கும் லேசர்

சென்னைவாசிகளுக்குக் கண் சிவந்தாலே அது "மெட்ராஸ் ஐ"தான். ஒரு கறுப்புக் கண்ணாடி, ஒரு பாட்டில் சொட்டு மருந்து, நாலு நாள் லீவு. அதோடு சரி!

ஆனால் மண்டையைப் பிளக்கும் தலைவலி, காதில் "கொய்ங்" என்று இரைச்சல், கூடவே இரண்டு கண்ணிலும் பார்வை மங்கல் என்று வந்தால் உஷார்! அது "மெட்ராஸ் ஐ" அல்ல. கண்ணுக்கு உள்ளே அழற்சியாக இருக்கலாம்.

அதில் ஒன்றுதான் "வோக்ட்-கோயனாகி-ஹரடா" நோய். வோக்ட் சுவிட்சர்லாந்து டாக்டர். மற்ற இருவரும் ஜப்பானியர். ஹரடா 1926-ல் இதை விவரித்து எழுதினார். ஜப்பானில் அதிகம் காணப்படும் இந்த நோய் நம் நாட்டவரையும் விடுவதில்லை.

வேலியே பயிரை மேய்கிறது

விழித்திரைக்கு அடியில் ரத்தக் குழாய்களால் ஆன மெத்தை ஒன்று உண்டு. பெயர் கோராய்டு. கண்ணுக்கு வரும் ரத்தத்தில் 100-க்கு 80 பங்குக்கு மேல் இங்கேதான் பாய்கிறது.

உடம்பைக் காக்க வேண்டிய வெள்ளை அணுக்களே இந்த மெத்தையின் நிற அணுக்களைத் தாக்குகின்றன. மெத்தை வீங்குகிறது. ரத்த ஓட்டம் குறைகிறது. நீர் கசிந்து விழித்திரையைத் தூக்கிவிடுகிறது. பார்வை போகிறது!

இங்கேதான் ஆபத்து

உடனே போனால் வழி உண்டு. வழக்கமாக 3 நாள் ஸ்டீராய்டு மருந்தை ரத்தக் குழாயில் ஏற்றுவார்கள். பிறகு மாத்திரை. பலருக்குச் சில வாரங்களில் பார்வை திரும்பிவிடும்.

"அதான் கண்ணு தெரியுதே, மாத்திரை எதுக்கு? மூஞ்சி ஊதுது, சுகர் ஏறுது" என்று நிறுத்திவிட்டால் போச்சு! பார்வை தெளிந்த பிறகும் உள்ளே நெருப்பு கனன்று கொண்டிருப்பது உண்டு.

லேசர் சொல்லும் சாட்சி

இதைத் துப்பறிய ஜப்பானில் ஒரு கருவி வந்தது. கண்ணுக்குள் லேசர் ஒளியைக் காட்டினால் புள்ளி புள்ளியாகச் சிதறும். ரத்தம் வேகமாக ஓடினால் புள்ளிகளும் வேகமாகத் துடிக்கும். ஊசி இல்லை, சாயம் இல்லை, வலி இல்லை.

சப்போரோ நகரில் ஹொக்கைடோ பல்கலைக்கழக டாக்டர்கள் இதை வைத்து நோயாளிகளைச் சோதித்தார்கள். நோய் உச்சத்தில் இருந்தபோது ரத்த ஓட்டம் மந்தம். ஸ்டீராய்டு வேலை செய்யச் செய்ய மெத்தையின் வீக்கம் வடிந்தது, ஓட்டம் கூடியது!

6 மாதம் பொறு

இந்த நோய்க்குக் குறைந்தது 6 மாதமாவது மருந்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்பது டாக்டர்கள் கணக்கு. பாதியில் விட்டு நோய் திரும்பினால் கண்புரை, கண் அழுத்த நோய், நிரந்தரப் பார்வைக் குறைவு வரை போகலாம். இமை முடி நரைத்து, தோல் வெளுப்பதும் உண்டு.

மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் டாக்டரிடமே சொல்லுங்கள். அளவைக் குறைப்பார், மாற்று மருந்து தருவார்.

எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரி 1819-ல் தொடங்கியது. சென்னையில் கண் டாக்டருக்குப் பஞ்சமில்லை. மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து கேட்டு நிற்பதை விட்டு, அங்கே போய்ச் சீட்டு வாங்குவதே புத்திசாலித்தனம்!