கடனுக்குச் சிறை

கடனைத் திருப்பித் தர வழியில்லாதவரைச் சிறையில் அடைத்தால் பணம் வந்துவிடுமா? அமெரிக்காவின் தொடக்க காலச் சட்டங்கள் அப்படித்தான் நம்பின.

அங்கே கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டால், மிகச் சிறிய தொகைக்கும் ஒருவரைச் சிறையில் தள்ள முடிந்தது. உள்ளே போனவரால் உழைக்க முடியாது. உழைக்காமல் கடனை அடைக்கவும் முடியாது. நியூயார்க் சிறையில் கடனாளிகளின் சாப்பாடு, விறகு, படுக்கை எல்லாம் அவரவர் பொறுப்பு. ஆதரவற்றவர்கள் பட்டினி கிடந்தார்கள். அவர்களின் துயர் துடைக்கவே 1787-ல் அந்நகரில் ஒரு சங்கம் தொடங்கப்பட்டது.

செல்வந்தர்களும் தப்பவில்லை. விடுதலைப் போருக்கு நிதி திரட்டிய ராபர்ட் மோரிஸ், நிலம் வாங்கிக் குவித்து நொடித்துப்போனார். 1798 முதல் 1801 வரை பிலடெல்பியாவில் கடனாளிகளுக்கான சிறையில் இருந்தார். 1800-ல் வந்த திவால் சட்டத்தின் வழியாகவே விடுதலையானார்.

மோசடி செய்யாத கடனாளிகளைச் சிறையிலிடுவதை நியூயார்க் மாநிலம் 1831-ல் சட்டம் இயற்றி நிறுத்தியது. இருந்தும் தராதவர் வேறு, இல்லாமல் தவிப்பவர் வேறு என்பதை ஏற்க அவர்களுக்கு இத்தனை காலம் ஆயிற்று.

நம்மிடம் கடன் வாங்கியவர் தவணை தவறும்போது, இவர் எந்த வகை என்று முதலில் விசாரிப்போம். இல்லாதவரைப் பலர் முன் அவமானப்படுத்தினால் பணம் வராது. அவகாசம் கொடுத்து, பிழைப்புக்கு ஒரு வழியும் காட்டினால் அவர் மானமும் பிழைக்கும், நம் பணமும் திரும்பும்.