களிசான் கட்டையாகிவிட்டால்

"தரை நெருப்புப் பிடிச்சதோ எண்டு கேட்டுச் சிரிக்கினம் அம்மா" என்று பள்ளிக்கூடத்தால் வந்த பிள்ளை சொன்னால் பதற வேண்டாம். கணுக்காலைப் பாருங்கள். களிசான் கட்டையாகிவிட்டது, அவ்வளவுதான்.

உயரத்துக்குப் போதாத களிசானைப் பிரெஞ்சுக்காரர் 'ஃபெ து பிளான்ஷே' என்பார்கள். 'ஃபெ' நெருப்பு, 'பிளான்ஷே' பலகைத் தரை. தரை எரிகிறது, கரை கருகாமல் மேலே ஏறி நிற்கிறது என்று பகிடி. சிலர் நேர்மாறாக, 'காவ்' என்னும் நிலவறைக்குள் தண்ணீர் வந்துவிட்டதோ என்று கேட்பார்கள். ஜேர்மனியில் இதற்குப் பெயர் வெள்ளக் களிசான். லண்டனில் அரைக்கம்பக் கொடி.

ஆகவே இது எமது பிள்ளையின் நிறத்தையோ அகதி நிலையையோ குறித்த வசை அல்ல. வளரும் எந்தப் பிள்ளைக்கும் விழும் நக்கல். ஆனால் மொழி பிடிபடாத பிள்ளைக்கு எல்லோரும் சிரிப்பது மட்டும்தான் விளங்கும். நாளைக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடிப்பதும் அதனால்தான். பொருளைச் சொல்லிக் கொடுங்கள். 'ஜே கிரான்டி', நான் வளர்ந்திட்டன், என்று திருப்பிச் சொல்லப் பழக்குங்கள். நாள்தோறும் ஒரே பிள்ளையைத் துரத்திச் சொன்னால் அது பகிடி அல்ல. ஆசிரியரிடம் போகத்தான் வேண்டும்.

புதிது வாங்குவதென்றால் ஒரு எச்சரிக்கை. 'களிசான்' போர்த்துக்கேயர் எமக்கு விட்டுப்போன சொல். (அவர்களுடைய மொழியில் இன்று அது கட்டைக் காற்சட்டையைத்தான் குறிக்கிறது!) அந்த நினைப்பில் இங்கே கடையில் 'கல்சோன்' என்று கேட்டால் உள்ளுடுப்பை எடுத்து நீட்டுவார்கள். 'பான்டலோன்' என்று கேளுங்கள். பிள்ளைகளின் உடுப்பில் 8, 10 என்று வயதைப் போட்டிருப்பார்கள். அதை நம்பாமல், சென்ரிமீற்றரில் உயரமும் இருந்தால் அதைப் பாருங்கள். முன்னர் வந்த குடும்பங்கள் லா சப்பலிலிருந்து நடந்தே போய் மலிவாக வாங்கிய பார்பெஸ் 'தாத்தி' கடை 1948இல் தொடங்கி 2021இல் மூடப்பட்டுவிட்டது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு, 6 முதல் 18 வயதுவரை படிக்கும் பிள்ளைகளுக்காக, 'காஃப்' ஓகஸ்ட் மாதத்தில் பாடசாலை உதவிப்பணம் தருகிறது. உடுப்புக்கும் அது உதவும்.

வாங்கும்போது கால் மடிப்பு உள்ளே அகலமாக இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். அகலமாக இருந்தால் பிறகு அவிழ்த்து இறக்கலாம். மடிப்புக்கு 'உர்லே' என்று பெயர். 'றெதூஷ்' என்று பலகை தொங்கும் கடைகளில் தைத்துத் தருவார்கள். லா சப்பலில் சேலைச் சட்டை தைக்கும் எம்மவரிடமும் கேட்டுப் பாருங்கள். பழைய மடிப்பின் கோடு தெரிந்தால், வினாகிரி கலந்த தண்ணீரில் நனைத்த துணியை மேலே போட்டு அயன் பண்ணுங்கள். ஓரளவு மங்கிவிடும்.