சுவிட்ச் "ஆப்", ஆனாலும் "ஷாக்" அடிக்கும்!

"இதுக்குப் போய் எலக்ட்ரீஷியனா? நானே மாட்டிடறேன்!"

வீட்டுக்கு வீடு இப்படி ஒரு ஸ்குரூடிரைவர் வீரர் உண்டு. குழாய் மாற்றினால் ஒழுகும். ஆணி அடித்தால் சுவர் பெயரும். அதோடு போச்சு. கரண்ட் வேலை அப்படி அல்ல!

சுவிட்ச் "பேஸ்" வயரில்தான் இருக்க வேண்டும். பழக்கம் இல்லாதவர்கள் அதை "நியூட்ரல்" வயரில் மாட்டிவிடுகிறார்கள். பல்பு எரியும், அணையும். எல்லாம் சரியாகவே தெரியும். ஆனால் சுவிட்சை அணைத்த பிறகும் ஹோல்டரில் 230 வோல்ட் காத்திருக்கும்! பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறுகிறவர் கதி?

பச்சை வயர் "எர்த்". "இது எதுக்கு?" என்று அதை வெட்டிவிடும் புத்திசாலிகளும் உண்டு. ஹீட்டரில் கரண்ட் கசிந்தால் ஆளைக் காப்பாற்றுவதே அதுதான்.

பல்பு மாற்றும் முன் மெயினையே அணையுங்கள். வயரிங் வேலைக்கு லைசென்ஸ் உள்ள ஆளைக் கூப்பிடுங்கள். கூலியை மிச்சம் பிடிக்கப் போய் உயிரை விடலாமா?