அடுப்படியில் ஒரு திருவருகைக் காலம்

மார்கழி பிறந்ததும் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துக் கிறிஸ்தவ இல்லங்களில் புதியதொரு சுறுசுறுப்புப் பிறந்துவிடுகிறது. சுவருக்கு வெள்ளையடித்தாக வேண்டும். பரண்மீது கிடக்கும் குடில் சுரூபங்களை இறக்கித் துடைத்தாக வேண்டும். மூங்கில் சிம்புகளை வளைத்து விண்மீன் கட்ட வேண்டும். தையற்காரரிடம் கொடுத்த துணிகள் வந்துசேர வேண்டும். அரிசியை ஊறவைத்து இடித்து, வெல்லப் பாகு காய்ச்சி, அதிரசம் சுட வேண்டும். முறுக்கும் சோமாசியும் தனி. இவ்வளவும் ஒரு வாரத்திற்குள் முடிந்தாக வேண்டும்.

பெரிய குடும்பமாயின் வேலையும் பெரிதன்றோ! மூத்த மகன் சென்னையில் இருப்பான், இளையவன் புதுவையில் இருப்பான், மகள் காட்பாடியில் வாழ்க்கைப்பட்டிருப்பாள். ஆண்டு முழுவதும் பிரிந்து வாழும் இவர்கள் இந்த ஒரு வாரத்திற்கு மீண்டும் கூட்டுக் குடும்பமாகிறார்கள். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என ஐந்து திசை இருப்புப்பாதைகளும் கூடும் விழுப்புரம் சந்திப்பில், அரையாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் நின்று பார்த்தால், மூட்டை முடிச்சுகளோடும் பிள்ளைகளோடும் இறங்குவோரின் முகங்களிலேயே பெருவிழாவைக் காணலாம். பெத்லகேமை நோக்கி அவரவர் சொந்த ஊருக்குப் பெயர் பதியச் சென்ற அக்காலக் கூட்டமே நினைவுக்கு வரும்.

ஆனால் இக்கூட்டத்திற்கெல்லாம் உலை வைப்பவர் யார்? பெரும்பாலும் ஒருவரே. அவர் தாயாகவோ மூத்த மருமகளாகவோ இருப்பார். "சாமி, ஊரெல்லாம் பாவசங்கீர்த்தனத்துக்கு வருது. எனக்கு அடுப்பை விட்டு நகர நேரம் ஏது?" என்று இத்தகைய தாய்மார்கள் சிரித்துக்கொண்டே கூறுவதுண்டு. அச்சிரிப்பில் பாதி விளையாட்டு, மறுபாதி வேதனை. வீட்டிலுள்ள இருபது பேரும் நள்ளிரவுத் திருப்பலிக்குப் புத்தாடையுடன் புறப்படும்போது, பிரியாணிக்கு வெங்காயம் உரித்த கையோடு களைத்துச் சாய்ந்துவிடும் அத்தாய்க்குக் கிறிஸ்து எங்கே பிறக்கிறார்?

இக்கேள்விக்குத் திருச்சபையின் வழிபாடே விடை தருகிறது. டிசம்பர் 17 முதல் 24 வரை, ஞாயிறு நீங்கலாக, நாள்தோறும் திருப்பலியில் வாசிக்கப்படும் நற்செய்திப் பகுதிகளைக் கவனித்தீர்களா? அவை முழுவதும் ஒரு பெரிய குடும்பத்தின் கதையே.

17-ஆம் நாள் மத்தேயு எழுதிய தலைமுறை அட்டவணை வாசிக்கப்படுகிறது. ஆபிரகாம் தொடங்கிப் பதினான்கு பதினான்காக மூன்று தொகுதிகள். வெறும் பெயர்ப் பட்டியல் என்று நாம் கொட்டாவி விடுகிறோம். அப்பட்டியலில் தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி ஆகியோரும் உள்ளனர். ஊர் வாயில் அகப்பட்டவர்களையும் அயலினத்தாரையும் நற்செய்தியாளர் அடித்துவிடவில்லை. நம் வீட்டிலும் துணி எடுக்கப் பட்டியல் எழுதுகிறோம். பெற்றோர் சம்மதமின்றி மணம் முடித்தவன், குடித்துக் கெட்டவன் என்று நாம் எழுதாமல் விடும் பெயர் ஒன்று இருக்குமாயின், முதலில் எழுத வேண்டியது அதுவே.

18-ஆம் நாள் வளனார் வருகிறார். நற்செய்தி நூல்கள் நான்கிலும் அவர் பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. கேட்டார், எழுந்தார், செய்தார். விண்மீன் கட்டுவதோடும் கறி வாங்கி வருவதோடும் தம் பங்கு தீர்ந்தது என்று திண்ணையில் அமர்ந்துவிடும் ஆண்மக்கள் அவரைச் சற்று எண்ணிப் பார்ப்பார்களாக. தண்ணீர் சேந்தினாலும் பாத்திரம் கழுவினாலும் ஆண்மை குறைந்துவிடாது.

19-ஆம் நாள் வாசகம் செக்கரியா, எலிசபெத்து என்னும் பிள்ளையற்ற முதியோரைப் பற்றியது. பேரப்பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில், மணமாகிப் பல ஆண்டுகள் கழித்தும் மடி நிறையாத மருமகள் ஒருத்தி இருக்கலாம். "இன்னும் ஒண்ணும் விசேஷம் இல்லையா?" என்று ஆளுக்கொரு முறை கேட்டு அவளை அழவைக்கும் வாரமாக இது அமையலாகாது. எலிசபெத்தும் தம் உறவினரிடையே இவ்வேதனையைச் சுமந்தவரே.

20-ஆம் நாள் வானதூதர் மரியாவுக்கு மங்கள வார்த்தை உரைக்கிறார். 21-ஆம் நாள் மரியா விரைந்து மலைநாட்டுக்குச் செல்கிறார். ஏறத்தாழ மூன்று மாதம் அங்கே தங்கியதாக லூக்கா கூறுகிறார். பேறுகாலத்தை நோக்கியிருந்த முதிய உறவினருக்குத் துணையிருக்கவே அவர் சென்றார் என்று நம் முன்னோர் உணர்ந்து தியானித்தனர். 22-ஆம் நாள் அவருடைய புகழ்ப்பாடல் வாசிக்கப்படுகிறது. அன்புள்ள தாய்மாரே, அப்பாடல் எங்கே எழுந்தது? எருசலேம் ஆலயத்திலன்று, ஓர் உறவினர் வீட்டில்! இரு பெண்கள் ஒருவர் சுமையை ஒருவர் அறிந்து சந்தித்த இடத்தில் இறைபுகழ் பிறந்தது. ஆகவே அடுப்படி செபத்திற்குப் பகையன்று. ஒருத்தியைத் தனியே விட்டுவிடுவதே பகை. ஓரகத்தியும் நாத்தனாரும் மகளும் மருமகளும் சூழ அமர்ந்து முறுக்குப் பிழியும் வீட்டில் பாட்டு தானே வரும். ஒருத்தியே முறுக்கிப் பிழியப்படும் வீட்டில் பெருமூச்சுத்தான் வரும்.

23-ஆம் நாள் உறவினர் கூடிக் குழந்தைக்கு என்ன பெயர் இடுவது என்று முரண்படுகின்றனர். 24-ஆம் நாள் கட்டவிழ்ந்த நாவால் செக்கரியா இறைவனைப் போற்றுகிறார். நம் நிலத்தில் வரப்புத் தகராறும் பங்குக் கிணற்றுச் சண்டையும் அண்ணன் தம்பியின் நாவைக் கட்டிப்போட்டிருக்கின்றன. ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கி, ஒரே தெருவில் முகம் திருப்பிச் செல்வோர் எத்தனை பேர்! 24-ஆம் நாள் மாலைக்குள் முதல் சொல்லைப் பேசுபவரே அவ்வீட்டில் குடில் கட்டியவராவார்.

செலவைப் பற்றியும் ஒரு சொல். 1223-ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சோ என்னும் ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் கிறிஸ்து பிறப்பைக் காட்சியாக அமைத்தபோது அவர் தேடியவை வைக்கோலும் மாடும் கழுதையுமே. கடன் வாங்கிய பட்டு அங்கே இல்லை. 2024-ஆம் ஆண்டில் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு டிசம்பர் 1-ஆம் நாள். அதற்கு முந்தைய இரவில்தான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தொடர்ந்து தென்பெண்ணை பெருகி ஊர்களையும் வயல்களையும் மூழ்கடித்தது. நெல்லும் பாயும் நனைந்த ஆண்டில் எந்த வீட்டு அறை நனையாமல் இருந்ததோ, அதைத் திறந்துவிடுவதே பெருவிழா. சத்திரத்தில் இடம் கிடைக்காத குடும்பத்தையன்றோ நாம் கொண்டாடுகிறோம்?

பெரிய குடும்பத்தார் இவ்வாண்டு இவ்வாறு செய்து பார்க்கலாம். 17-ஆம் நாள் மாலை அனைவரும் அமர்ந்து, யாருக்கு எவ்வேலை என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஆயாவுக்கும் தாத்தாவுக்கும்கூட ஒரு வேலை கொடுங்கள், வெற்றிலை மடித்தாலும் போதும். வேலையில்லாத முதியவர் தம்மை விருந்தாளியாக உணர்கிறார். ஒருநாள் மாலை குழந்தைகளையும் அடுப்பையும் ஆண்கள் பார்த்துக்கொள்ள, வீட்டுப் பெண்கள் ஒப்புரவு அருட்சாதனம் பெறச் செல்லட்டும். ஒவ்வோர் இரவும் அன்றைய நற்செய்தியைப் பள்ளி செல்லும் பிள்ளை ஒன்று உரக்க வாசிக்கட்டும். பத்து நிமிடம் போதும். பலகாரத் தட்டு அண்டை வீட்டு இந்துச் சகோதரருக்கும் முஸ்லிம் சகோதரருக்கும் செல்லும்போது, பேச்சு நின்றுபோன பங்காளி வீட்டுக்கும் ஒரு தட்டு செல்லட்டும். அதைச் சிறுவர் கையில் கொடுத்தனுப்பாமல் வீட்டுத் தலைவரே எடுத்துச் செல்லட்டும்.

இவ்வளவும் செய்தபின் அதிரசம் சற்றுக் கருகினாலும், தையற்காரர் ஒரு சட்டையைத் தராமலே ஏமாற்றினாலும் குறையொன்றுமில்லை. நள்ளிரவு மணி ஒலிக்கும்போது ஒருவரும் வீட்டில் தங்கிவிடாமல், தாயையும் நடுவில் வைத்துக்கொண்டு ஆலயத்திற்கு வாருங்கள்.