பேசாத படத்துக்கு வசனம் எழுதியவர்

படமே பேசாதபோது வசனகர்த்தாவுக்கு என்ன வேலை? ஹாலிவுட்டின் பிதாமகர் கிரிஃபித்துக்கே அந்தச் சந்தேகம் உண்டு. எழுத்தாளர் அனிதா லூஸ் அனுப்பும் கதைகளைக் காசு கொடுத்து வாங்குவார், படித்துச் சிரிப்பார், சிலவற்றை அப்படியே கிடப்பில் போட்டுவிடுவார். சிரிப்பு எழுத்தில் இருக்கிறது, அதைத் திரையில் எப்படிக் காட்டுவது என்பது அவர் கட்சி.

1888-ல் கலிஃபோர்னியாவில் பிறந்த அனிதா, சிறுமியாகவே மேடையேறியவர். பிறகு எழுதி அனுப்பிய கதைக்கு 25 டாலர் கொடுத்தது பயோகிராஃப் என்ற படக் கம்பெனி. முதலில் படமானது ‘தி நியூயார்க் ஹேட்’ (1912). சாகும் தாய், மகளுக்கு நல்லதாக ஏதாவது வாங்கித் தரச் சொல்லி, பாதிரியாரிடம் பணம் கொடுத்துவிட்டுப் போகிறாள். அவர் விலையுயர்ந்த தொப்பி ஒன்றை வாங்கித் தர, ஊர் வாய் சும்மா இருக்குமா? மகளாக நடித்தவர் மேரி பிக்ஃபோர்டு.

கிடப்பில் கிடந்த கதைகளைத் தேடி எடுத்தவர் இயக்குநர் ஜான் எமர்சன். 1916-ல் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் நடித்து ‘ஹிஸ் பிக்சர் இன் தி பேப்பர்ஸ்’ வந்தது. எப்படியாவது பத்திரிகையில் தன் படம் வந்தாக வேண்டும் என்று அலைகிற ஒரு பணக்காரப் பிள்ளையின் கதை. காட்சிக்கு நடுவே வரும் எழுத்து அட்டைகளைப் படித்தே கொட்டகை சிரித்தது. அதே வருஷம் தன் பிரம்மாண்டப் படமான ‘இன்டாலரன்ஸ்’ அட்டைகளுக்கு கிரிஃபித் அனிதாவைத்தான் கூப்பிட்டார்.

1919-ல் எமர்சனையே மணந்தார். இங்கேதான் எனக்கு எரிச்சல். எழுதுவது மனைவி, பெயர்ப் பட்டியலில் கணவரும் உண்டு. அனிதா அதைப் பெரிதாகச் சண்டையாக்கவில்லை. பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் சிரித்தபடியே ஊசி ஏற்றினார், அவ்வளவுதான்.

கணவர் பங்கு கேட்க முடியாத ஒன்றும் இருந்தது. 1925-ல் வந்த ‘ஜென்டில்மென் ப்ரிஃபர் பிளாண்ட்ஸ்’ நாவல். எழுத்துப்பிழை மலிந்த டைரியாக அதைச் சொல்கிறாள் லோரலை என்ற பொன்முடி அழகி. பிழைகளை நம்பி அவளை அசடு என்று நினைத்தால் ஏமாறுவோம்; வைர நகைக் கணக்கில் அவள் படு சுட்டி. அடுத்த வருஷமே அது நாடகமாயிற்று.

படம் பேசத் தொடங்கியதும் பழைய எழுத்தாளர்கள் பலர் காணாமல் போனார்கள். அனிதாவுக்கு அது தோதாகப் போயிற்று. ‘ரெட்-ஹெடட் வுமன்’ படத்துக்கு நாவலாசிரியர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட் எழுதிக் கொடுத்த திரைக்கதை ரொம்ப கனமாக இருக்கிறது என்று, எம்.ஜி.எம். ஸ்டுடியோவின் தயாரிப்பாளர் இர்விங் தால்பர்க் அதை அனிதாவிடம் தள்ளினார். 1932-ல் ஜீன் ஹார்லோ நடித்து வந்த படம், கெட்டவளைத் தண்டிக்காமல் விட்டதற்காக ஏச்சும் வசூலும் சேர்ந்தே வாங்கியது. 1951-ல் பிரெஞ்சு எழுத்தாளர் கொலெட்டின் ‘ஜிஜி’ கதையை பிராட்வே நாடகமாக்கினார். அதில் நாயகியாக மேடையேறிய புதுமுகம், ஆட்ரி ஹெப்பர்ன்.