நீரைத் தேடி வாழ்ந்த கோட்டைக்கு நீரால் ஆபத்து: ஜெய்சல்மேர் செல்வோர் அறிய வேண்டியவை

ராஜஸ்தானின் மேற்கு எல்லையில், தார் பாலைவனத்தின் நடுவே அமைந்துள்ள ஜெய்சல்மேர், நாட்டின் முக்கியச் சுற்றுலாத் தலங்களுள் ஒன்று. அக்டோபர் முதல் மார்ச் வரை இங்கு பயணிகள் பெருமளவில் வருகின்றனர். அவர்கள் காண வரும் கோட்டையின் உறுதித்தன்மையை, அதனுள் பயன்படுத்தப்படும் தண்ணீரே குலைத்து வருகிறது.

கோட்டையின் வரலாறு

பட்டி ராஜபுத்திர மரபைச் சேர்ந்த ராவல் ஜெய்சல் 1156ஆம் ஆண்டில் திரிகூட மலை மீது இக்கோட்டையை நிறுவினார். சுற்றியுள்ள சமவெளியிலிருந்து ஏறத்தாழ 76 மீட்டர் உயரத்தில் நிற்கும் இதற்கு 99 கொத்தளங்கள் உள்ளன. மஞ்சள் மணற்கல்லால் கட்டப்பட்டதால், மாலை வெயிலில் பொன்னிறமாக ஒளிர்கிறது. 'பொற்கோட்டை' என்ற பெயருக்கு அதுவே காரணம். இந்தியாவையும் மத்திய ஆசியாவையும் இணைத்த ஒட்டக வணிகப் பாதையில் அமைந்திருந்ததால், இந்நகரம் பல நூற்றாண்டுகள் செல்வச் செழிப்புடன் விளங்கியது.

ராஜஸ்தானின் 6 மலைக்கோட்டைகளை யுனெஸ்கோ 2013ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவற்றுள் ஜெய்சல்மேர் கோட்டையும் ஒன்று. இன்றும் ஆயிரக்கணக்கான மக்கள் இதனுள் வீடுகளில் வசித்து வருகின்றனர் என்பது குறிப்பிடத்தக்கது.

எவற்றைக் காணலாம்?

அகை போல், சூரஜ் போல், கணேஷ் போல், ஹவா போல் என்னும் நான்கு வாயில்களைக் கடந்தால் அரண்மனைச் சதுக்கத்தை அடையலாம். மன்னர்களின் அரண்மனை தற்போது அருங்காட்சியகமாக உள்ளது. அருகில் லட்சுமிநாதர் கோயிலும், நுண்ணிய சிற்பங்கள் நிறைந்த சமணக் கோயில்களும் அமைந்துள்ளன. சமணக் கோயில்களை ஒட்டிய ஞான பண்டாரம் என்னும் நூலகத்தில் பழமையான ஓலைச்சுவடிகள் பாதுகாக்கப்படுகின்றன.

கோட்டைக்கு வெளியே, 19ஆம் நூற்றாண்டில் வணிகக் குடும்பத்தினர் எழுப்பிய பட்வா மாளிகைகள் ஐந்தும் காணத்தக்கவை. கடிசர் ஏரி நகரின் தென்கிழக்கே உள்ளது. மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் சாம் மணல்மேடுகள் உள்ளன.

ஆபத்து எவ்வாறு உருவானது?

ஜெய்சல்மேரில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை பெரும்பாலும் 200 மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. மழைநீரைத் தேக்கிய கடிசர் ஏரியே நீண்ட காலம் நகரின் முதன்மை நீராதாரமாக இருந்தது. பெண்கள் குடங்களில் நீர் சுமந்து வந்தனர். அவ்வாறு கிடைத்த நீரை மக்கள் சிக்கனமாகப் பயன்படுத்தியதால், நிலத்தில் ஊறிய கழிவுநீரின் அளவு மிகக் குறைவாகவே இருந்தது.

குழாய்நீர் வந்த பின்னர் இந்நிலை மாறியது. சுற்றுலா வளர்ந்ததால் கோட்டைக்குள் தங்கும் விடுதிகளும் உணவகங்களும் பெருகின. குளியலறைகளும் கழிப்பறைகளும் அதிகரித்தன. வெளியேற வேண்டிய நீரின் அளவு பல மடங்கு உயர்ந்தது. பழைய வடிகால்களால் அதைத் தாங்க இயலவில்லை. கசியும் நீர் மலைக்குள் இறங்கியது.

திரிகூட மலை உறுதியான கருங்கல் மலையன்று. மணற்கல்லும் களிமண் கலந்த மென்பாறையும் அடுக்கடுக்காக அமைந்தது. களிமண் அடுக்கு நீரை உறிஞ்சினால் உப்பி, வலுவிழந்து நழுவும். கோட்டையின் பல சுவர்களில் சாந்து பயன்படுத்தப்படவில்லை; கற்கள் ஒன்றோடொன்று பொருத்தி அடுக்கப்பட்டுள்ளன. எனவே, அடித்தளம் சற்று அசைந்தாலும் சுவர் விரிசல் விடுகிறது.

1998ஆம் ஆண்டில் வெளிச்சுவர் ஒன்று இடிந்து விழுந்ததில் 6 பேர் உயிரிழந்தனர். அடுத்தடுத்த ஆண்டுகளில் சில கொத்தளங்களும் சரிந்தன. 2024 ஆகஸ்ட் மாதம் பெய்த கனமழையின்போது சுவரின் ஒரு பகுதி மீண்டும் இடிந்தது.

தீர்வு எளிதானதா?

உலக நினைவுச்சின்ன நிதியம் 1990களிலேயே இக்கோட்டையை ஆபத்தில் உள்ள சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறை சுவர்களையும் கொத்தளங்களையும் சீரமைத்து வருகிறது. வடிகால் மேம்பாட்டுப் பணிகளும் மேற்கொள்ளப்பட்டுள்ளன.

எனினும், மக்களை வெளியேற்றினால் கோட்டை அதன் உயிரோட்டத்தை இழக்கும். பல குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கு வாழ்கின்றன. சுற்றுலா வருமானத்தையே பலர் நம்பியுள்ளனர். ஆகவே, குடியிருப்பையும் பாதுகாப்பையும் ஒருங்கே காக்கும் வழியே தேவைப்படுகிறது. கோட்டைக்குள் செலவாகும் நீரைக் குறைப்பதும், கழிவுநீர் கசியாமல் வெளியேற்றுவதும் அதன் முதல் படிகள்.

பயணிகள் செய்யக்கூடியது

கோட்டையைப் பகலில் சுற்றிப் பார்த்துவிட்டு, இரவில் கீழேயுள்ள நகரப் பகுதியில் தங்கலாம். அங்கும் பல கட்டண நிலைகளில் விடுதிகள் உள்ளன. அவற்றின் மொட்டை மாடிகளிலிருந்து பார்த்தால் கோட்டை முழுமையாகத் தெரியும். கோட்டைக்குள் தங்குவோருக்கு அக்காட்சி கிடைப்பதில்லை.

சமணக் கோயில்களுக்குள் தோல் பொருட்களைக் கொண்டு செல்ல அனுமதியில்லை. பார்வை நேரமும் வரையறுக்கப்பட்டுள்ளதால், காலையிலேயே செல்வது நல்லது. ஜோத்பூரிலிருந்து ரயிலிலும் சாலை வழியாகவும் ஜெய்சல்மேரை அடையலாம். குளிர்கால இரவுகளில் வெப்பநிலை வெகுவாகக் குறையும் என்பதால் கம்பளி ஆடைகள் அவசியம்.